புசல்லாவைக்கு மேலே ஓர் ஊதாப் புள்ளி

"நாளைக்கு மழை வருமா?" என்று யாராவது கேட்டால் மரியகொறற்றிக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்காதவர்கள் யார்? அம்பிட்டியவில் அவள் வாடகைக்கு இருந்த மேல்மாடிக்குக் கீழே குடியிருந்த வீட்டுக்காரி கேட்பாள், மிளகாய் காயப்போட வேண்டுமாம். பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தால் பாட்டுக் குழுவில் இருக்கிறவர்கள் கேட்பார்கள். கட்டின புருஷன் கணபதி, கண்டி டவுனில் மின்சாமான் கடையில் நிற்கிறவன், கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"நாளைய மழை எனக்குத் தெரியாதுங்க. நான் பாக்கிறது இன்னும் முப்பது நாப்பது வருஷம் கழிச்சு வர்ற மழை" என்பாள்.

"அப்ப நாம இருக்கவே மாட்டோமே. அதைப் பாத்து என்ன செய்ய?" என்பான் அவன்.

பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் "வரும், குடையைக் கொண்டு போங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். கண்டியில் அப்படிச் சொன்னால் பாதி நாள் சரியாகத்தான் இருக்கும்.

அவள் வேலை செய்தது பேராதனைக்குப் போகிற வழியில், ஒரு பழைய மாடிக் கட்டிடத்தில் இயங்கிய சின்னக் காலநிலை ஆய்வுக்கூடத்தில். வெளிநாட்டு நிலையம் ஒன்றில் பெரிய பெரிய கொம்பியூட்டர்கள் காற்றையும் கடலையும் வெயிலையும் கணக்காக்கி, இனி வரப்போகும் வருஷங்களின் மழையையும் சூட்டையும் மணிக்கு மணி கணக்கிட்டுத் தள்ளும். அந்தக் கணக்குக்குத்தான் மொடல் என்று பெயர். மொடலுக்கு இலங்கை என்பது சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு கட்டத்துக்குள் ஒரு தோட்டம் அடங்கும், கொஞ்சம் பக்கத்துத் தோட்டமும் அடங்கும். கட்டத்துக்கு ஒரு எண். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த மலைநாடு.

இந்தக் கணக்குக்குச் சில வேளை கிறுக்குப் பிடிக்கும். ஒரு தடவை நீர்த்தேக்கம் ஒன்றின் மேல் அடுப்புச் சூடு காட்டியது. தண்ணீரை அது கற்பாறை என்று எடுத்திருந்தது. இன்னொரு தடவை, 'இங்கே தகவல் இல்லை' என்பதற்கு அடையாளமாகப் போட்டிருந்த ஒரு பெரிய கழித்தல் எண்ணை யாரோ சராசரியில் சேர்த்துவிட, ஹந்தானை மலை வட துருவத்தை விடக் குளிர்ந்துபோனது. அப்படி நடக்க முடியாத எண்களைத் தேடிப் பிடிப்பதுதான் கொறற்றியின் வேலை. பிடித்தால் யாரும் பாராட்டுவதில்லை. 'இவளால் றிப்போட் தாமதம்' என்றுதான் பேச்சு வரும்.

கொறற்றி பிறந்தது புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளருக்கு வரிசையாக ஒட்டிக் கட்டின அறைகளில் ஒன்றில். அப்பா யாகப்பர் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற மாடியில் இருந்தார். அக்கா பெற்றீசியா இடையிலே படிப்பை நிறுத்திவிட்டுக் கொழுந்து எடுக்கப் போனாள். தங்கச்சியைப் படிக்க வைக்கத்தான் போனாள் என்று தோட்டத்தில் உருக்கமாக ஒரு கதை உண்டு. "அதெல்லாம் பொய்டி. அந்தக் கணக்கு வாத்தியார் மூஞ்சியப் பாக்கிறதுக்கு மலையில நின்னு அட்டைக்கடி வாங்கலாம்னுதான் போனேன்" என்று பெற்றீசியாவே சொல்வாள். அதே வாத்தியாரிடம்தான் கொறற்றி கணக்குப் படித்தாள், பேராதனை வரை போனாள், கொஞ்ச நாள் கட்டுகஸ்தோட்டையில் டியூஷன் கொடுத்தாள், பிறகு இந்த வேலைக்கு வந்து சேர்ந்தாள். அக்கா, அத்தான் சுவக்கின், பிள்ளைகள் எல்லாம் அதே தோட்டத்தில் மேல் டிவிசனில், அப்பா இருந்த அதே லயத்து ஒற்றை அறைக் காம்பிராவில்தான்.

நாட்டில் பெற்றோலுக்கு நின்ற நீண்ட வரிசைகள் எல்லாம் ஓய்ந்த அடுத்த வருஷம் இது நடந்தது. கொறற்றி காய்ச்சலில் படுத்துக் கிடந்து, எழும்பி வேலைக்குப் போன முதல் நாள் காலையில் அக்காவின் போன் வந்தது. வணக்கமும் இல்லை, சுகம் விசாரிப்பும் இல்லை.

"அடியே, ஒங்க ஆபிஸ்ல படம் போட்டீங்களாமே?"

"என்னா படம்க்கா?"

"என்னா படமா? மேல் டிவிசன்ல இனி வீடு கட்ட முடியாதாம்டி. வானம் பொத்துக்கிட்டு ஊத்தப் போவுதாம். ராஜலிங்கம் ஐயா படத்தைக் கொண்டாந்து செவுத்துல ஒட்டி வச்சிருக்காரு. எங்க தலைக்கு நேரா ஊதாக் கலர்ல ஒரு பொட்டு. கீழே ஒங்க ஆபிஸ் பேரு. இருவது வருஷமா அலைஞ்சு இப்பத்தான் துண்டு நெலம் அளந்தாங்க. ஒங்க அத்தான் கல்லுகூட எறக்கிப் போட்டாச்சு. இப்ப எல்லாரையும் கீழ் டிவிசனுக்குப் போ போன்னா?"

ராஜலிங்கம் என்பவர் தோட்ட வீட்டுத் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி. லயத்தை விட்டு ஒவ்வொரு குடும்பமும் சொந்த நிலத்தில் சொந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்ற திட்டம். எந்த மலையில் கட்டலாம், எதில் கூடாது என்று முடிவெடுக்க, எதிர்கால மழையைக் காட்டும் படம் ஒன்றை ஆய்வுக்கூடத்திடம் கேட்டிருந்தார்கள். இதெல்லாம் கொறற்றிக்குத் தெரியும். படம் போய்விட்டது என்பதுதான் தெரியாது.

போனை வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனாள். படம் வரைகிற றலியா அங்கே இருந்தாள், அலவத்துகொடவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். கொறற்றியின் முகத்தைப் பார்த்ததுமே கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள்.

"நான் என்ன செய்ய கொறற்றி அக்கா? அந்த நிலையத்தால புது ஃபைல் வந்திரிக்கி, பழசெல்லாம் வேணாம், இத வெச்சு ஒடனே போடுங்கண்டு சொன்னாங்க. நீங்க காய்ச்சல்ல. நான் பெரியதம்பி சேர்ட்ட கேட்டேன். அவங்க அனுப்பச் சொன்னாங்க."

"பாக்காம எதுவும் வெளிய போகக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

"எனக்கிட்டச் சொல்லி என்ன? அவசரம் அவசரமெண்டு நிண்டது நானா?"

அதுவும் நியாயம்தான். கொறற்றி படத்தைத் திரையில் பெரிதாக்கினாள். மலைநாடு முழுவதும் வெளிறிய மஞ்சள். அங்கங்கே இளம் பச்சை. புசல்லாவைக்கு மேலே மட்டும் ஒரே ஒரு கட்டம், யாரோ பேனை மையைச் சொட்டவிட்டது போல, கடும் ஊதா. வரப்போகும் ஐம்பது வருஷத்தில் ஒரு நாளில் பெய்யக்கூடிய ஆகக் கூடிய மழை எவ்வளவு என்று காட்டுகிற படம் அது. ஊதாக் கட்டத்தின் எண்ணைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கண்டி நகரத்தில் இரண்டு வருஷம் முழுக்கப் பெய்கிற மழை அங்கே ஒரே நாளில் கொட்டுகிறதாம். உலகத்தில் எந்த மூலையிலும் இதுவரை அப்படி ஒரு நாளை யாரும் அளந்ததில்லை.

"இதைப் பாத்தும் ஒனக்கு ஒண்ணும் தோணலியா?"

"தோணின. அதான் ஊதா அடிச்சேன்" என்றாள் றலியா.

பொறுப்பாளர் டொக்டர் பெரியதம்பி யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட மனுஷர் இல்லை. சண்டை என்று வந்தால் அதற்கு எதிர்த் திசையில் நடக்கிறவர், அவ்வளவுதான். கொறற்றி சொன்னதை முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருங்கோ கொறற்றி. முதல்ல இருங்கோ. இது ஆகக் கூடின மழையைக் காட்டுற படம்தானே? கூடத்தான் இருக்கும். காலநிலை மாறுது. முந்தி நடக்காததெல்லாம் இனி நடக்கும் எண்டு நாங்கள்தானே ஊரெல்லாம் சொல்லித் திரியிறம்."

"நடக்காதது நடக்கும் சேர். நடக்கவே முடியாதது எப்படி நடக்கும்?"

"ஓம், விளங்குது. ஆனா இப்பத்தானே குடுத்தனாங்கள். உடன பிழை எண்டு போய் நிண்டால் எங்களை ஆர் மதிப்பினம்?" குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "அதோட, உங்கட அக்காவும் அங்கதானே இருக்கிறா? சொந்தக்காரருக்காகப் படத்தை மாத்தினவ எண்டு ஆக்கள் கதைப்பினம். நான் கதைக்க மாட்டன். ஆக்கள்."

அவளுக்கு முகம் சுட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு விஷயம் இருந்தது. அந்த ஒரு புள்ளியை மட்டும் அழித்தால் அது அக்காவுக்குச் செய்த உபகாரம்தான். நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வைத்து எல்லாக் கட்டங்களையும் சோதித்து, அதில் இந்தப் புள்ளி தானாக விழ வேண்டும். அப்போதுதான் யாரும் வாய் திறக்க முடியாது.

முதலில் அந்த வெளிநாட்டு நிலையத்துக்கு எழுதிக் கேட்டாள். மிக மரியாதையான பதில் வந்தது. ஆர்வத்துக்கு நன்றியாம், மொடல் தருகிற எண்களுக்குப் பொருள் கொள்வது பாவிக்கிறவர்களின் பொறுப்பாம். மறுபடி எழுதினாள். அதே வசனங்கள், கீழே வேறு ஒருவருடைய பெயர். மூன்றாம் முறை எழுதியபோது, உங்கள் கேள்வி தீர்க்கப்பட்டுவிட்டது என்று கொம்பியூட்டரே ஒரு செய்தி அனுப்பியது. கொறற்றி எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வந்தாள். இல்லாவிட்டால் அந்தத் திரையை உடைத்திருப்பாள்.

பிறகு தானே உட்கார்ந்து ஒரு சோதனையை எழுதினாள். எளிமையான சோதனை: ஒரு கட்டத்தில் வழக்கமாகப் பெய்கிற கன மழைக்கு எத்தனையோ மடங்கு மேலே ஓர் எண் வந்தால், அது பொய், தூக்கி எறி. ஓட விட்டாள். ஊதாப் புள்ளி உடனே விழுந்தது. மனசு குளிர்ந்தது. அதைக் கொண்டுபோய்ப் பெரியதம்பியிடம் காட்டினாள்.

அவர் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்லது. ஒண்டு மட்டும் செய்து பாருங்கோ. மொடலை விடுங்கோ. உண்மையா அளந்த பழைய மழைக் கணக்கு தோட்டங்களில இருக்கெல்லே? அதுக்கு மேல இந்தச் சோதினையை ஓட விடுங்கோ. உண்மையான மழையை இது பொய் எண்டு சொல்லாமல் இருக்கோணும். அதுதான் பரீட்சை."

செய்தாள். தோட்டங்களில் மழைமானி வைத்துக் காலம் காலமாக அளந்து வந்த எண்கள் ஏற்கெனவே கொம்பியூட்டரில் ஏற்றிக் கிடந்தன. சோதனை அதில் சில நாட்களைப் பொறுக்கிப் 'பொய்' என்று சிவப்பில் போட்டது. சில நாட்கள் உண்மையிலேயே எழுத்துப் பிழைகள், புள்ளி தவறிய எண்கள். கடைசியாக இருந்தது புசல்லாவைப் பக்கம், ஒரு கார்த்திகை மாசத்து நாள். கொறற்றி வருஷத்தைப் பார்த்தாள். திரும்பப் பார்த்தாள்.

அப்போது அவளுக்குப் பத்து வயது. ஞானோபதேச வகுப்பு முடிகிற நேரத்தில் மழை பிடித்தது. மழை என்று சொல்ல முடியாது. கோயில் கூரைத் தகரத்தின் மேல் யாரோ லொறி லொறியாகக் கல்லைக் கொட்டுகிற சத்தம். எதிரே நிற்கிற பிள்ளை வாயைத் திறப்பது தெரியும், பேசுவது கேட்காது. யாகப்பர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து அவளைத் தோளில் தூக்கிப் போனார். குறுக்குப் பாதை ஆறாகி இருந்தது. விடிந்து பார்த்தால் கீழ் லயத்தின் ஒரு முனை மண்ணுக்குள். பாப்பம்மா என்கிற மனுஷியையும் அவள் கைக்குழந்தையையும் அன்று மத்தியானம்தான் தோண்டி எடுத்தார்கள்.

அந்த நாளைத்தான் அவள் எழுதின சோதனை 'நடக்க முடியாதது, தூக்கி எறி' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"அடப் பாவி, அது நான் நனைஞ்ச மழைடா" என்று திரையைப் பார்த்து வாய் விட்டே சொன்னாள். பக்கத்து அறையிலிருந்து றலியா எட்டிப் பார்த்தாள். கொறற்றிக்குக் கோபம் யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த நிலையத்து ஆட்கள் மேல் இருந்த கோபம் எல்லாம் சுற்றிக்கொண்டு வந்து தன் மேலேயே விழுந்தது. அளவுக்கு மிஞ்சியதெல்லாம் பொய் என்று சட்டம் போட்டால், மனுஷரைக் கொல்லுகிற மழைதான் முதலில் அடிபட்டுப் போகும். அப்படி ஒரு படத்தைக் கொடுத்தால், எல்லா மலையும் பத்திரம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

பெரியதம்பியிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அப்ப என்ன செய்யப் போறியள்?" என்று மட்டும் கேட்டார்.

"எண்ணு பெருசா சின்னதான்னு கேக்கப் போறதில்ல சேர். அக்கம்பக்கத்தைக் கேக்கப் போறேன்."

அவள் சொன்னதன் அர்த்தம் இதுதான். உண்மையான பெருமழை ஒரு தோட்டத்துக்கு மேல் மட்டும் கோடு கிழித்துக்கொண்டு நிற்காது. சுற்றிலும் நனைக்கும். இருட்டிக்கொண்டு வரும், பெய்யும், தணியும். அதற்கு நேரம் எடுக்கும். அவ்வளவு தண்ணீரைக் கொட்டுவதற்கு முன்னால் காற்றில் அவ்வளவு ஈரம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே பெரிய எண் எங்கே வந்தாலும், அதன் பக்கத்துக் கட்டங்களையும், அதற்கு முந்தின பிந்தின மணிகளையும், அந்த நேரத்துக் காற்றையும் ஈரத்தையும் சேர்த்து விசாரிக்க வேண்டும். கார்த்திகை மழையை அப்படி விசாரித்தபோது அது நிமிர்ந்து நின்றது: சுற்றியிருந்த தோட்டங்களின் மழைமானிகள் எல்லாம் அன்று நிரம்பி வழிந்திருந்தன.

ஊதாப் புள்ளியை விசாரிக்கத் தனியாக ஒரு வாரம் போயிற்று. கறண்ட் போகும்; ஓடிக்கொண்டிருந்த கணக்கு நடுவழியில் அறுந்துபோகும்; மறுபடி முதலிலிருந்து. றலியாவும் கூட உட்கார்ந்தாள். ஒரு கட்டத்துக்குப் பக்கத்துக் கட்டம் என்று வரிசையாகத் திறந்து பார்த்தார்கள்.

"அக்கா, இதுல சும்மா தூறல். இதுலயும் தூறல். இதுல மழையே இல்ல" என்று றலியா சொல்லிக்கொண்டே வந்தாள். "நடுவுல மட்டும் உலகம் அழியுது."

"எத்தனை மணி நேரம் பெய்யுது?"

"ஒரு மணி. அதுக்கு முந்தி ஒண்ணும் இல்ல, பொறகும் ஒண்ணும் இல்ல."

காற்றைத் திறந்து பார்த்தால் அந்தக் கட்டத்தில் மட்டும் காற்று நேர் மேலே, ரொக்கட் போவது போலப் போயிருந்தது. ஈரமோ, அந்த மழையில் பத்தில் ஒரு பங்குக்குக்கூடப் போதாது. காரணமும் பிறகு புலப்பட்டது. புது ஃபைலில் மலைகளின் உயரத்தைத் திருத்தியிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில் மலை, சுவர் மாதிரிச் செங்குத்தாக எழும்பி நின்றது. காற்று அதில் முட்டியதும் கணக்கு தடுமாறி, தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு, மழையாகக் கக்கியிருந்தது. ஐம்பது வருஷத்தில் ஒரே ஒரு மணி நேரம். ஆனால் ஆகக் கூடியதை மட்டும் எடுத்துக் காட்டுகிற படத்தில் ஒரு பொய் போதும், மற்ற அத்தனை மணி நேரத்து உண்மையும் அதற்குப் பின்னால் போய்விடும்.

"சரி. அந்த ஒரு மணியை எடுத்திட்டுப் படத்தைத் திரும்பப் போடு" என்றாள் கொறற்றி. இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

றலியா போட்டாள். படம் மெல்ல மெல்லத் திரையில் இறங்கியது.

மலைநாட்டு மஞ்சள் போய்விட்டது. நிறங்களைத் தெரிவது றலியா, அவற்றை எண்களுக்குப் பிரித்துக் கொடுப்பது கொம்பியூட்டர். ஆகக் குறைந்த எண்ணுக்கு மஞ்சள், ஆகக் கூடியதற்கு ஊதா, இடையில் உள்ளவற்றைப் பங்கு போடும். அந்தப் பொய் எண் மேல் முனையைப் பிடித்து எங்கேயோ இழுத்து வைத்திருந்ததால் மற்ற எல்லா மழையும் வெளிறிப்போய்க் கிடந்தது. இப்போது அது விலகியதும் உண்மையான நிறங்கள் வெளியே வந்தன. மேல் டிவிசன் பச்சையாக இருந்தது. கீழே, ஓடை போகிற பள்ளத்தாக்கு நெடுக, பல கட்டங்களை வளைத்துக்கொண்டு கடும் நீலத்தில் ஒரு பட்டை. கொறற்றி அதையும் விசாரித்தாள். அக்கம்பக்கம் எல்லாம் நனைந்திருந்தது. விடாமல் பெய்திருந்தது. காற்றில் ஈரம் போதிய அளவு இருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லாத, நம்பக்கூடிய, பயங்கரமான மழை.

"அக்கா" என்றாள் றலியா. "இது அந்தக் கீழ் டிவிசனா?"

அதுதான். ஊதாப் புள்ளிக்குப் பயந்து ராஜலிங்கம் எல்லாரையும் போகச் சொன்ன இடம். அங்கே முன்பே நிலம் அளந்து கொடுத்திருந்த குடும்பங்களும் இருந்தன.

இந்த முறை பெரியதம்பி கண்ணாடியைத் துடைக்கவில்லை. "நானே அறிவிக்கிறன். பிழை எங்கட. நீங்களும் வாங்கோ, விளக்கமாச் சொல்ல ஒரு ஆள் வேணும்" என்றார். தோட்டத்தில் கூட்டம் வைத்த நாளன்று அவருக்குக் கொழும்பில் வேறு கூட்டம் வந்துவிட்டது. கொறற்றி தனியாகத்தான் புசல்லாவை பஸ் ஏறினாள்.

தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விடுகிற கட்டிடத்தில், கூட்டம். புதுப் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு அவள் பேசி முடித்ததும் ராஜலிங்கம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ், போன மாசம் மேல ஆபத்துன்னீங்க. இந்த மாசம் கீழ ஆபத்துங்கிறீங்க. அடுத்த மாசம் நடுவுலன்னுவீங்களா? நான் மேலிடத்துக்கு என்னான்னு எழுதுறது?"

"மொதல்ல குடுத்தது தப்புன்னு எழுதுங்க. நாங்க கையெழுத்துப் போட்டுத் தர்றோம்."

"தப்புன்னு ஒரு தடவை சொன்னா அடுத்ததையும் யாருங்க நம்புவா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பின் வரிசையில் ஒரு பெண் எழும்பினாள். கீழ் டிவிசன் அழகம்மா. அவளுக்கு ஓடைப் பக்கம் நிலம் அளந்து, அத்திவாரமும் பாதி வெட்டியாகி இருந்தது.

"ஒங்க அக்கா மேல இருக்கு. அதான் மேல நல்ல எடமாப் போச்சா தாயி?"

பெற்றீசியா துள்ளி எழும்பினாள். "யாரைப் பாத்து என்னா பேச்சுப் பேசுற நீ?" என்று தொடங்கியவளைக் கொறற்றிதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீங்க கேக்கிறது சரிதாங்க" என்றாள் அழகம்மாவிடம். "என் பேச்சை நம்ப வேணாம். எங்க படத்தையும் நம்ப வேணாம். இது மழையை மட்டுந்தான் காட்டும். மண்ணு தாங்குமா தாங்காதான்னு இதுக்குத் தெரியாது. மண்ணைப் பாக்கிற ஆளுங்களைக் கொண்டாந்து மேலயும் கீழயும் தோண்டிப் பாக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் ரெண்டு பக்கமும் கல்லு வைக்க வேணாம். எங்க அக்கா வீட்டுக்குங் கூட."

"என்னாடி சொல்ற?" என்றாள் பெற்றீசியா.

அன்றைக்குப் பஸ் ஏற்றிவிட அக்கா வரவில்லை. ஊதாப் புள்ளியை அழிக்கப் போன தங்கச்சி, கடைசியில் வீட்டையே நிறுத்திவிட்டு வந்துவிட்டாள் என்று பிறகு மூன்று மாசம் பேசவும் இல்லை. அத்தான் சுவக்கின் மட்டும் இடையிடையே எடுப்பார். "அவ கெடக்கிறா. நீ சாப்பிட்டியா?" என்பார்.

மண் பரிசோதிக்கிறவர்கள் வந்தார்கள், போனார்கள், மறுபடி வந்தார்கள். கீழே ஓடைப் பக்கத்து மண் உள்ளே ஊறிக் கிடக்கிறது, மழை இல்லாத காலத்திலேயே நகர்ந்துகொண்டிருக்கிறது என்று எழுதினார்கள். மேலே, பழைய லயத்துக்குப் பின்னால் உள்ள நிலத்தில் கட்டலாம், ஆனால் மண்ணை வெட்டிச் சமப்படுத்தக் கூடாது, வாய்க்கால் போட வேண்டும் என்றார்கள். மேல் டிவிசனுக்கு அனுமதி வந்தது. கீழ் டிவிசன்காரருக்கு வேறு இடம் பார்ப்பதாக ராஜலிங்கம் எழுதிக் கொடுத்தார்.

ஆய்வுக்கூடத்திலும் ஒரு மாற்றம் வந்தது. சோதனையில் தேறாத ஃபைலைக் கொண்டு படம் வரையவே முடியாதபடி கொறற்றி கொம்பியூட்டரில் ஒரு பூட்டுப் போட்டுவிட்டாள். பெரியதம்பி முணுமுணுத்தார், ஆனால் எடுக்கச் சொல்லவில்லை. கொஞ்ச காலம் கழித்து அந்த வெளிநாட்டு நிலையம் உலகத்துக்கே ஓர் அறிவித்தல் விட்டது: செங்குத்தான மலைச் சரிவுகளில் சில கட்டங்களின் மழை எண்கள் நம்பத்தக்கவை அல்ல, அவதானமாகப் பாவிக்கவும். யார் எழுதிக் கேட்டார்கள் என்று ஒரு சொல் இல்லை. றலியா அதை வாசித்துவிட்டுக் குதித்தாள். "அக்கா, திரும்ப எழுதுங்க, நல்லா நாலு கேளுங்க!" கொறற்றிக்குக் குதிக்கத் தெம்பு இல்லை. திருத்திய ஃபைல் எப்போது வரும் என்று மட்டும் எழுதிக் கேட்டாள். ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

அடுத்த வருஷம் வைகாசியில் பெற்றீசியாவின் புது வீட்டுக்குக் கோயில் சாமியார் வந்து செபம் சொல்லி மந்திரித்தார். இரண்டு அறை, ஒரு குசினி, முன்னால் சின்ன விறாந்தை. பெற்றீசியா ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிக் காட்டினாள். பழைய சண்டையைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. "வாய்க்கா வெட்டினதுல அத்தானுக்கு முதுகு போச்சு. எல்லாம் ஒன்னாலதான்" என்று மட்டும் அக்கா சொன்னாள், சொல்லிவிட்டு அவள் தட்டில் இன்னும் இரண்டு துண்டு இறைச்சி வைத்தாள்.

சாப்பாட்டுக்குக் கீழ் டிவிசனையும் கூப்பிட்டிருந்தார்கள். அழகம்மா வந்திருந்தாள். கை கழுவுகிற இடத்தில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றுவிட்டார்கள். தண்ணீர் ஊற்றுவதற்கு அழகம்மாவே வாளியைத் தூக்கினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"பாதி வெட்டின அத்திவாரம் அந்த ஐப்பசியிலேயே பொளந்துகிச்சு" என்றாள். "நீங்க சொன்னது நெசந்தான். இல்லேங்கல."

கொறற்றி கையை நீட்டினாள். அழகம்மா தண்ணீரை ஊற்றினாள்.

"இன்னும் அதே லயத்துலதான் கெடக்கிறோம். வேற எடம் பாக்கிறோம்னு எழுதிக் குடுத்தாங்க. அதோட சரி. எங்களுக்கு எப்பங்க?"

"கேட்டுச் சொல்றேங்க" என்றாள் கொறற்றி. சொன்னதும் தன் குரலே அந்த நிலையத்தின் பதில் கடிதம் மாதிரி அவளுக்குக் கேட்டது.

திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போனதும், கொம்பியூட்டரைப் போடுவதற்கு முன்னால், ராஜலிங்கத்தின் அலுவலகத்துக்குப் போன் எடுத்தாள். ஐயா வெளிக்களம் போயிருக்கிறார் என்றார்கள். செவ்வாய்க்கிழமை எடுத்தாள். கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். புதன்கிழமை அவரே பேசினார். கோப்பு மேலே போயிருக்கிறது மிஸ் என்றார்.

"மேலன்னா எங்கங்க? யார் மேசையில? அவங்க நம்பரைக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, பேனையை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள்.